ஸ்டாட்டிக் கோப்புகளுக்கு ஒரு வெப் சர்வர்: நாமே எழுதுவதா, இருப்பதை எடுப்பதா?

எச்டிஎம்எல் பக்கங்கள் தயார், படங்கள் தயார், ஒரு சிஎஸ்எஸ் கோப்பும் இருக்கிறது. டேட்டாபேஸ் கிடையாது, லாகின் கிடையாது. இப்படி இருப்பதை இருக்கிறபடியே அனுப்பும் கோப்புகள்தான் ஸ்டாட்டிக் கோப்புகள். உலாவி கேட்டதை எடுத்து அனுப்பும் நிரல் வெப் சர்வர். இதை நாலு பேர் திறந்து பார்க்கும்படி வைக்க வேண்டும், அவ்வளவுதான். நெல்லைப் பக்கம் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் வந்து நின்றுவிடுகிறார்கள். பாளையங்கோட்டையில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர், "சர்வரை நானே எழுதலாம்னு இருக்கேன் அண்ணே, அதையே புராஜெக்டாவும் காட்டிருவேன்" என்கிறார். பத்தமடையில் கோரைப்பாய் விற்கும் குடும்பத்துப் பிள்ளை கடைக்கு ஒரு பக்கம் செய்து வைத்துக்கொண்டு, "இதுக்குப் போய் மாசாமாசம் துட்டு கட்டணுமா?" என்று கேட்கிறார். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் ஆசிரியை, இணையம் ஒழுங்காக வராத ஆய்வகத்தில் பிள்ளைகள் எல்லாரும் பாடப் பக்கங்களைத் திறக்க வழி தேடுகிறார்.

மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சர்வரை எழுதுவது ஒரு முடிவு. சர்வரை ஓட்டுவது வேறு முடிவு. எழுதிவிட்டோம் என்பதற்காக அதையே ஊருக்குத் திறந்துவிட வேண்டியதில்லை. ஊருக்குத் திறப்பது வேறொன்றாக இருக்கும் என்பதற்காக எழுதிப் பார்க்காமல் இருக்கவும் வேண்டாம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சிலர் ஓட்டை நிறைந்த சர்வரை இணையத்தில் வைக்கிறார்கள். சிலர் படிக்கிற வயதில் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்காமலே போகிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி நோக்கம். கற்றுக்கொள்ளவா, பக்கம் நாலு பேருக்குப் போய்ச் சேரவா? இரண்டாவது, பார்ப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள். ஒரே அறையிலா, ஒரே வைஃபையிலா, துபாயிலும் சென்னையிலுமா? மூன்றாவது, தமிழ் சரியாகப் போகிறதா. ஆங்கிலப் பாடங்களைப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு இப்படி ஒரு அளவுகோல் உண்டென்றே தெரிவதில்லை. நான்காவது பாதுகாப்பு. ஐந்தாவது பணம்: கரண்டு, டொமைன், மெஷின் வாடகை எல்லாம் சேர்த்து.

ஆறாவதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். இரண்டு வருடம் கழித்து இதை யார் பார்த்துக்கொள்வார்கள்? நம் ஊரில் சைட் போட்டுக் கொடுக்கிற பிள்ளை படிப்பு முடிந்ததும் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடும். அதன் பிறகும் அந்தப் பக்கம் திறக்க வேண்டும்.

வழிகள் நான்கு: சர்வரை முழுதும் கையால் எழுதுவது, நிரல்மொழியோடு வரும் நூலகத்தை எடுப்பது, என்ஜின்எக்ஸ், அப்பாச்சி, கேடி போன்ற ஆயத்த சர்வர் நிரலை ஓட்டுவது, வேறொருவர் சர்வரில் இலவசமாக வைப்பது.

| அளவுகோல் | கையால் எழுதுவது | மொழியின் நூலகம் | என்ஜின்எக்ஸ், அப்பாச்சி, கேடி | இலவச ஹோஸ்டிங் |
|---|---|---|---|---|
| கற்பது | மிக அதிகம் | ஓரளவு | சர்வர் நிர்வாகம் | கொஞ்சம் |
| தமிழ் | எல்லாம் நம் பொறுப்பு | மொழிக்கு மொழி மாறும் | அமைப்பில் சொன்னால் சரி | பெரும்பாலும் தானே சரி |
| பாதுகாப்பு | இணையத்துக்கு ஆகாது | கவனமாக இருந்தால் | நன்று, புதுப்பித்தால் | அவர்கள் பொறுப்பு |
| எச்டிடிபிஎஸ் (மறைகுறியாக்கிய இணைப்பு) | கிடையாது | தனியாகச் சேர்க்க வேண்டும் | கேடியில் தானாக | தானாக |
| இணையம் இல்லாத இடம் | ஓடும் | ஓடும் | ஓடும் | ஓடாது |
| மாதச் செலவு | இல்லை | மெஷினைப் பொறுத்து | சில நூறு ரூபாய் முதல் | இல்லை |
| நாம் போன பிறகு | நின்றுவிடும் | நிற்க வாய்ப்பு அதிகம் | ஆள் தேவை | கணக்கு கைமாறினால் ஓடும் |

## சாக்கெட்டிலிருந்து கையால் எழுதுவது

சொன்னால் மலைப்பாக இருக்கும், தொடங்குவது சுலபம். நிரல் சாக்கெட் என்ற இணைப்பு முனை வழியாக ஒரு போர்ட்டை, அதாவது மெஷினில் எண்ணிட்ட ஒரு வாசலை, திறந்து காத்திருக்க வேண்டும். உலாவி இணைந்ததும் அது அனுப்பும் வரிகளை வெற்று வரி வரும்வரை படிக்க வேண்டும். முதல் வரியில் மூன்று துண்டுகள்: 'கெட்' என்ற சொல், கோப்பின் பாதை, உலாவியும் சர்வரும் பேசும் முறையான எச்டிடிபியின் பதிப்பு. பாதையில் சொன்ன கோப்பைத் திறந்து, 200 என்ற நிலை எண், கோப்பின் வகை, நீளம், ஒரு வெற்று வரி, அதன் பின் கோப்பின் பைட்டுகள் என்று எழுதி அனுப்பினால் பக்கம் வந்துவிடும். பைதானில் ஐம்பது வரிக்குள் முடித்துவிடலாம். டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இன் கடைசியில் செர்ன் ஆய்வகத்தில் முதல் வெப் சர்வரை ஓட்டியபோது இருந்த எச்டிடிபி இதைவிடவும் எளிது. கேட்பது ஒரே வரி. பதிலாக வருவது கோப்பு மட்டும், நிலை எண்கூடக் கிடையாது.

அந்த ஐம்பது வரிக்கு அப்புறம்தான் பாடமே தொடங்குகிறது. தமிழில் பக்கம் வைத்துச் சோதிக்கிறவருக்கு அந்தப் பாடம் சீக்கிரமே வரும், அது நல்லதுதான்.

முதலில் நீளம். 'நெல்லை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ந, எகரக் கொம்பு, ல, புள்ளி, ல, ஐகாரக் குறி என்று யுனிகோடில் ஆறு குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக மொத்தம் 18 பைட். பைதானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இந்தச் சரத்தின் நீளத்தைக் கேட்டால் 6 என்று வரும். கோ மொழியில் கேட்டால் 18. பதிலின் தலைப்பில் எழுத வேண்டியது பைட் கணக்கு. 6 என்று எழுதிவிட்டால் உலாவி ஆறு பைட்டோடு நிறுத்திக்கொள்ளும், திரையில் 'நெ' மட்டும் நிற்கும். ஆங்கிலப் பக்கத்தில் எழுத்தும் பைட்டும் ஒரே கணக்கு என்பதால் இந்தப் பிழை வெளியே தெரியவே தெரியாது. கோப்பைப் பைனரி முறையில் திறந்து, வந்த பைட்டுகளை எண்ணினால் தொல்லை இல்லை. ஆனால் '404, கோப்பு கிடைக்கவில்லை' என்று நிரலுக்குள்ளேயே தமிழில் எழுதுகிற பக்கத்தில் மறுபடி மாட்டும்.

அடுத்தது திறக்கும் முறை. ஆங்கில விண்டோஸில் ஓடும் பைதான் (3.14 வரை), எழுத்து முறை எதுவென்று நாம் சொல்லாமல் கோப்பை உரையாகத் திறந்தால், வழக்கமாக யுடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளாது. 1252 என்ற பழைய ஐரோப்பியக் குறிமுறை என்று எடுத்துக்கொள்ளும். தமிழ்ப் புள்ளியின் மூன்றாவது பைட்டுக்கு அந்தக் குறிமுறையில் இடமே கிடையாது. அதனால் முதல் மெய்யெழுத்து வந்த இடத்திலேயே நிரல் பிழை காட்டி நின்றுவிடும். லினக்ஸ் லேப்டாப்பில் ஓடியது ஆய்வகக் கணினியில் ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிற பலருக்கு இதுதான் காரணம்.

பிறகு கோப்பின் பெயர். முகவரியில் தமிழ் எழுதினால் உலாவி அதை அப்படியே அனுப்பாது. ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியும் இரண்டு பதினாறடிமான இலக்கங்களுமாக மாற்றித்தான் அனுப்பும். சர்வர் அதைத் திருப்பி மாற்றாவிட்டால் கோப்பு கண்முன்னே இருந்தாலும் 404 வரும். இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 'பொருநை' என்ற பெயரில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று, பைட்டில் வேறு. மேக் கணினியின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸ் வந்ததை வந்தபடியே வைத்துக்கொள்ளும். மேக்கில் பெயரிட்டு லினக்ஸுக்குக் கொண்டுபோன கோப்பு கிடைக்காமல் போவது இதனால்தான். கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பிழைக்கும் வழி அதுதான் என்றாலும், சர்வர் எழுதக் கற்கிற பிள்ளை இதைத் தாண்டிப் போகக்கூடாது. நம் மொழியில் பெயர் வைத்தால் ஓடாத சர்வர் நமக்கு எதற்கு?

பாதுகாப்பு அடுத்த கட்டம். பாதையில் ../ என்று போட்டுக்கொண்டே போனால் தளத்தின் ஃபோல்டரைத் தாண்டி மெஷினில் உள்ள வேறு கோப்புகளை எடுத்துவிடலாம். அந்த இரண்டு புள்ளி வருகிறதா என்று தேடித் தடுப்பது போதாது. புள்ளியையும் சதவீதக் குறியாக மாற்றி அனுப்புவார்கள். முதலில் குறிமாற்றத்தை ஒரே ஒரு முறை பிரிக்க வேண்டும். பிறகு தளத்தின் ஃபோல்டரோடு சேர்த்து, உண்மையான முழுப் பாதை எதுவென்று கண்டுபிடித்து, அது தளத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதிலும் ஒரு சறுக்கல் இருக்கிறது. /தளம் என்று தொடங்குகிறதா என்று மட்டும் பார்த்தால் /தளம்-பழையது என்ற ஃபோல்டரும் தேறிவிடும். கடைசிச் சாய்கோட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இது கற்றுக்குட்டிகளின் பிழை என்று எண்ண வேண்டாம். 1995 முதல் இருக்கும் அப்பாச்சியிலேயே 2.4.49 பதிப்பில், பாதையைச் சீர்படுத்தும் பகுதியை மாற்றியபோது இதே ஓட்டை வந்தது. 2021 அக்டோபரில் 2.4.50 என்று திருத்தம் விட்டார்கள். அதுவும் முழுதாக அடைக்கவில்லை. சில நாளிலேயே 2.4.51 வர வேண்டியிருந்தது. அத்தனை கண்கள் பார்க்கும் நிரலிலேயே நடந்திருக்கிறது. ஒருவர் மட்டும் எழுதி, அவர் மட்டுமே படித்துப் பார்த்த நிரலை இணையத்தில் திறக்க வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

கடைசியாக, காத்திருப்பு. ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் பதில் தரும் சர்வரில், யாரோ இணைந்துவிட்டு ஒன்றும் அனுப்பாமல் இருந்தால், ரேஷன் கடை வரிசையில் முதல் ஆள் கார்டைத் தேடிக்கொண்டு நிற்கிற கதைதான். பின்னால் உள்ளவர்கள் எல்லாரும் நிற்க வேண்டும். நேரக்கெடு வைக்க வேண்டும், ஒரே நேரத்தில் பலரைக் கவனிக்க இழைகளோ ஒத்திசையா முறையோ சேர்க்க வேண்டும். ஒரே மெஷினில் சோதிக்கும்போது கோரிக்கை முழுதும் ஒரே மூச்சில் வந்துவிடும். செல்போன் இணைப்பில் துண்டு துண்டாகவும் வரலாம். ஒரு தடவை படித்தால் எல்லாம் வந்துவிடும் என்று எழுதிய நிரல் வெளியே வந்ததும் தடுமாறும்.

புராஜெக்டாகக் காட்டப் போகிற மாணவர் இதைத்தான் எடுக்க வேண்டும் என்பேன், இரண்டாவது யோசனையே வேண்டாம். எச்டிடிபி/1.1-இன் விதிகளைச் சொல்லும், 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9112 என்ற ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வைவாவுக்குப் போகும் முன்பு சர்வரிடம் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். தமிழ்ப் பெயருள்ள கோப்பு வருகிறதா? ஃபோல்டர் பெயரைக் கடைசிச் சாய்கோடு இல்லாமல் கேட்டால் 301 அனுப்பித் திருப்பிவிடுகிறதா? இல்லையென்றால் அந்தப் பக்கத்தின் படங்கள் எல்லாம் உடையும். மாறாத கோப்பை மறுபடி கேட்டால் 'மாறவில்லை' என்ற 304 தருகிறதா? வீடியோவின் நடுவிலிருந்து கேட்டால் 'இது ஒரு பகுதி' என்ற 206 தருகிறதா? இவை ஓடினால் அது நல்ல புராஜெக்ட். ஓட்டுவதை உங்கள் மெஷினோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## மொழியோடு வரும் நூலகம்

பைதான் போட்டிருக்கும் மெஷினில் எச்டிடிபி.சர்வர் என்ற தொகுதியை ஒரே கட்டளையில் ஓட்டலாம். இருக்கிற ஃபோல்டர் 8000 போர்ட்டில் திறந்துவிடும். செய்த பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க இதைவிட வேகமான வழி இல்லை.

ஆனால் இது எதையெல்லாம் திறக்கிறது என்று தெரிந்துகொண்டு ஓட்டுங்கள். வேறு ஒன்றும் சொல்லாவிட்டால் மெஷினின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் அது காது கொடுக்கும். ஹாஸ்டல் வைஃபையில் உட்கார்ந்து ஹோம் ஃபோல்டரிலிருந்து ஓட்டினால், மறைகோப்புகள் உட்பட அத்தனையையும் அடுத்த அறைக்காரர் பார்க்கலாம். நம் மெஷினை மட்டும் குறிக்கும் 127.0.0.1 முகவரியோடு கட்டிவைத்து, தளத்தின் ஃபோல்டருக்குள் போய் ஓட்டுவது நல்ல பழக்கம். உண்மையான பயன்பாட்டுக்கு இது ஏற்றதல்ல என்று பைதான் ஆவணமே சொல்கிறது.

இதிலும் தமிழுக்கு ஒரு கவனிப்பு தேவை. எச்டிஎம்எல் கோப்பு என்று மட்டும் சொல்லும், எழுத்து முறை யுடிஎஃப்-8 என்று சொல்லாது. பக்கத்துக்குள் எழுத்து முறையைச் சொல்லும் மெட்டா வரி இருந்தால் பிழைத்தது. வெறும் உரைக் கோப்பில் அப்படி எழுத இடமில்லை. உலாவி ஊகித்துக்கொண்டு தமிழை லத்தீன் எழுத்துக் குவியலாகக் காட்டக்கூடும். கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் ரேஞ்ச் கோரிக்கையையும் பைதான் 3.12 வரை கண்டுகொள்வதில்லை, முழுக் கோப்பையும் அனுப்பும். அதனால் வீடியோவில் நடுவே தாவ முடியாது. ஐபோனின் சஃபாரியில் வீடியோ ஓடவே ஓடாமலும் போகலாம்.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது கோ மொழியின் கோப்பு சர்வர். நாலைந்து வரிதான். பாதைத் தடுப்பு, ரேஞ்ச், 304, உரைக்கு யுடிஎஃப்-8 எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. தொகுத்தால் ஒரே கோப்பு. பென் டிரைவில் போட்டு விண்டோஸ் மெஷினில் ஓட்டலாம், எதையும் நிறுவ வேண்டாம். நூலகத்தின் மூலநிரல் படிக்கும்படி இருப்பதால், கையால் எழுதிப் பார்த்தவர் இதைத் திறந்து தன்னுடையதோடு ஒப்பிட்டால் நிறையக் கற்கலாம். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும்: இன்டெக்ஸ் கோப்பு இல்லாத ஃபோல்டரின் பட்டியலை அப்படியே காட்டிவிடும், புள்ளியில் தொடங்கும் கோப்புகளையும் கொடுத்துவிடும். நேரக்கெடுகளையும் நாம்தான் வைக்க வேண்டும்.

தளத்தோடு கொஞ்சம் சொந்த வேலையும் கலக்க வேண்டியிருந்தால், உதாரணமாக ஒரு படிவத்தை வாங்கிச் சேமிக்க வேண்டுமென்றால், இந்த வழி பொருந்தும். வெறும் கோப்பு மட்டும்தான் என்றால் அடுத்த இரண்டில் ஒன்றுக்குப் போவது நல்லது.

## என்ஜின்எக்ஸ், அப்பாச்சி, கேடி

ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்புகளை ஒரு மெஷின் தாங்குமா என்ற கேள்வியை டான் கெகல் 1999-இல் எழுதி வைத்தார். இகோர் சிசோயேவ் 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பெரிய பதில்களில் ஒன்று. பத்தமடைப் பாய்க் கடைக்குப் பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் வரப் போவதில்லை. ஆனாலும் மெதுவான இணைப்பு, பாதி வந்த கோரிக்கை, கெட்ட எண்ணத்தோடு வரும் பாதை எல்லாவற்றையும் பல வருடம் சந்தித்துப் பழகிய நிரல் கைக்குக் கிடைக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் கேடியைச் சொல்வேன். டொமைன் பெயரைச் சொன்னால் எச்டிடிபிஎஸ் சான்றிதழைத் தானே வாங்கித் தானே புதுப்பித்துக்கொள்ளும். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழின் ஆயுள் 90 நாள் என்றே வழங்கி வந்திருக்கிறது. என்ஜின்எக்ஸில் அதற்கென்று தனிக் கருவி வைத்து, அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டும். அந்தக் கருவி நின்றுபோனால் சில வாரம் கழித்து ஒரு காலையில் பக்கம் திறக்காமல் உலாவி பயமுறுத்தும். என்ஜின்எக்ஸில் தமிழுக்காக யுடிஎஃப்-8 என்று ஒரு வரி சேருங்கள், சொல்லாவிட்டால் அதுவும் சொல்லாது. சுருக்கி அனுப்பும் ஜிஜிப்பையும் இயக்கிவிடுங்கள். தமிழ்ப் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஒரே மாதிரி பைட்டோடு தொடங்குவதால் நன்றாகச் சுருங்கும்.

இந்த வழியின் உண்மையான விலை மெஷினில் இருக்கிறது. வீட்டில் கிடக்கும் பழைய கணினியிலேயே ஓட்டினால் என்ன என்று கேட்பார்கள். கணக்குப் போடுவோம். 60 வாட் இழுக்கும் கணினி ஒரு நாளில் 1.44 யூனிட், இரண்டு மாதத்தில் 86 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் பெரும்பங்கு இந்த ஒரு மெஷினுக்கே போய், வீட்டுச் செலவு கட்டணப் பகுதிக்குத் தள்ளப்படும். ஐந்து வாட்டில் ஓடும் ராஸ்பெர்ரி பை என்றால் ஏழு யூனிட்தான். ஆனால் வீட்டு இணைப்பில் பொது ஐபி கிடைப்பது அரிது. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரியைப் பகிர்ந்து தருவதால் வெளியிலிருந்து உள்ளே வர வழி இருக்காது. நிலையான ஐபிக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள்.

அப்புறம் 2023 டிசம்பர் 17, 18. தாமிரபரணி கரைமீறி நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கிய நாட்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கரண்டும் செல்போன் டவரும் போய், பல ஊர்கள் தொடர்பற்று நின்றன. அப்படிப்பட்ட நாளில்தான் ஓர் ஊரின் பக்கத்தை வெளியூர்ப் பிள்ளைகள் திறந்து பார்ப்பார்கள். சர்வர் அந்த ஊரிலேயே இருந்தால் அதுவும் சேர்ந்து அணைந்திருக்கும். சென்னையிலோ பெங்களூரிலோ மும்பையிலோ ஒரு சிறிய வாடகை மெஷின் மாதம் சில நூறு ரூபாயில் கிடைக்கும், வரி தனி. அதற்கும் பாதுகாப்புப் புதுப்பிப்பு, ஃபயர்வால், டிஸ்கை நிரப்பும் லாக் கோப்பு என்று கவனிக்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் இல்லாத கடைக்கு இது வேண்டாம். ஆனால் ஆசிரியையின் ஆய்வகத்துக்கு இதுதான் பொருத்தம். இணையமே வேண்டாம், உள் நெட்வொர்க் போதும். ஒரு விண்டோஸ் கணினியில் கேடியின் ஒற்றைக் கோப்பை வைத்து, பாடப் பக்கங்கள் இருக்கும் ஃபோல்டரைக் காட்டி ஓட்டினால், மற்ற கணினிகள் அதன் ஐபியைத் தட்டித் திறக்கலாம். பாட வீடியோக்களில் முன்னும் பின்னும் தாவவும் முடியும். ரௌட்டரில் அந்தக் கணினிக்கு ஒரே ஐபி எப்போதும் கிடைக்கும்படி பூட்டி வையுங்கள், ஃபயர்வால் கேட்கும்போது உள் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பக்கங்கள் எழுத்துருவையோ ஸ்கிரிப்டையோ வெளி இணையத்திலிருந்து இழுக்கின்றனவா என்று பாருங்கள். இணைய வயரைப் பிடுங்கிவிட்டு ஒரு தடவை எல்லாப் பக்கத்தையும் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

## இலவச ஹோஸ்டிங்

கோப்புகளை ஏற்றினால் போதும், சர்வர் அவர்களுடையது. எச்டிடிபிஎஸ் தானாக வரும், யுடிஎஃப்-8 தானாகச் சொல்லப்படும், மெஷினைப் புதுப்பிக்கும் கவலை இல்லை. பாய்க் கடைக்கு என் பதில் இதுதான்.

இப்படி இலவசமாகத் தரும் சேவைகளில் ஒன்றான கிட்ஹப் பேஜஸ், தளத்தின் அளவு 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும் என்கிறது. மாதம் 100 ஜிபி வரை போக்குவரத்து என்று ஒரு மென்மையான வரம்பும் வைத்திருக்கிறது. ஆனால் அதன் விதிகளில், இணைய வியாபாரம் நடத்துவதற்கான இலவச ஹோஸ்டிங்காக அதைப் பயன்படுத்தக்கூடாது என்று எழுதியிருக்கிறது. கல்லூரி மாணவரின் பக்கம், ஊர் நூலகத்தின் பக்கம் என்றால் தாராளமாக வைக்கலாம். விற்பனைக்குக் கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் மாதிரி ஒன்றை எடுப்பது நிம்மதி. அங்கே ஒரு கோப்பு 25 எம்பிக்கு மேல் போகக்கூடாது, கடைக்கு அது போதும்.

சர்வரைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறவர்கள் படத்தைப் பற்றி யோசிப்பதில்லை என்பது என் வருத்தம். போனில் எடுத்த 4 எம்பி படங்கள் நாற்பதை அப்படியே ஒரு பக்கத்தில் போட்டால் 160 எம்பி. நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அது இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். எந்த சர்வரை வைத்தாலும் இதே கதைதான். படத்துக்கு 150 கேபி என்று சுருக்கினால் பக்கம் 6 எம்பி, ஐந்து நொடி. அதே 100 ஜிபியில் 16,000 பேருக்கு மேல் முழுப் பக்கத்தையும் பார்த்துவிடலாம். பாயின் பின்னலைக் கிட்டத்தில் காட்ட வேண்டுமென்றால், பெரிய படத்தைத் தட்டினால் மட்டும் திறக்கும்படி வையுங்கள்.

இதில் பணமில்லாத செலவுகள் உண்டு. விண்டோஸில் படப் பெயரின் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று. ஏற்றிய பிறகு வேறு வேறு. வீட்டில் தெரிந்த படங்கள் இணையத்தில் காணாமல் போனால் முதலில் இதைப் பாருங்கள். கிட்ஹப் பேஜஸில் அடிக்கோட்டில் தொடங்கும் ஃபோல்டர்கள் காணாமல் போவதும் நடக்கும். பக்கங்களை உருவாக்கும் ஜெக்கில் என்ற கருவி அவற்றை ஒதுக்கிவிடுகிறது; அது வேண்டாம் என்று சொல்லும் வெற்றுக் கோப்பு ஒன்றைச் சேர்த்தால் சரியாகும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது கணக்கு யார் பெயரில் என்பது. பக்கம் செய்து கொடுத்த தம்பியின் சொந்த மெயிலில் ஹோஸ்டிங், அவருடைய கார்டில் டொமைன் என்று இருந்தால், அவர் வேலை மாறி அந்த மெயிலைப் பார்க்காமல் விட்ட வருடம் கடையின் பெயர் கையை விட்டுப் போகும். டொமைனைக் கடைக்காரர் பெயரிலேயே, அவர் தினமும் பார்க்கும் மெயிலிலேயே பதியுங்கள். வருடத்துக்கு ஒரு முறை கட்டும் அந்தத் தொகை மட்டும்தான் கைக்காசு. செய்து கொடுக்கிற தம்பிகளுக்கும் இதே வேண்டுகோள்: முதல் நாளே அப்படிச் செய்துவிடுங்கள்.

## பிறகு மாற வேண்டி வந்தால்

ஸ்டாட்டிக் கோப்புகளின் பெரிய வசதி, எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதில் சிக்கிக்கொள்வதில்லை. அந்த வசதியைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கச் சில ஏற்பாடுகள் தேவை. கோப்புகளின் மூலப் பிரதி ஹோஸ்டிங்கில் மட்டும் இருக்கக்கூடாது, கடைக் கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் இருக்கட்டும். ஹோஸ்டிங்காரர் இலவசமாகத் தரும் துணைப் பெயரை விசிட்டிங் கார்டில் அச்சடிக்காதீர்கள், சொந்த டொமைனை அச்சடியுங்கள். இடம் மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே டொமைன் பெயர் எந்த முகவரிக்குப் போகிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவை மற்ற மெஷின்கள் நினைவில் வைத்திருக்கும் ஆயுளை ஐந்து நிமிடமாகக் குறைத்து வையுங்கள். மாற்றிய பிறகும் பழைய இடத்தை ஒரு வாரம் ஓடவிட்டு, வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே பரவியிருக்கும் பழைய சுட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகு அதை மூடுங்கள்.